அடிவாரத்துக் கற்றளி



திருத்தணிகை என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் ஒரு மலை தோன்றும். மலையுச்சியில் முருகன் கோயில் தோன்றும். ஓர் ஆண்டின் நாள்களை எண்ணி அமைத்தாற் போன்ற 365 படிகள் தோன்றும். காவடி தூக்குவோரும் முடி இறக்குவோரும் அப்படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பர். தத்துவப் பேராசிரியராக விளங்கிக் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இதுவே என்பதும் உங்களுட் சிலருக்கு நினைவு வரலாம். ஆனால் நான் இன்று பேச வந்தது மலைமேல் உள்ள கோயிலைப் பற்றி அன்று. மலையை விட்டிறங்கி, நந்தியாற்றுப் பக்கம் சென்றால் ஒரு சிறிய சிவன் கோயிலைக் காணலாம். வீரட்டானேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். சிவபெருமானுடைய வீரச் செயல்களுக்கு உரியனவாகச் சொல்லப்படும் அட்ட வீரட்டத் தலங்கள் எட்டனுள் இது சேராது. பெயர் ஒற்றுமை கண்டு மயங்க வேண்டா. மலைக்குச் செல்லும் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவது அரிது.

சிற்பக் கலையைப் பல்கலைக் கழகத்தில் பயில விரும்புகிறேன், எங்கே தொடங்குவது என்று மாணவர் எவரேனும் என்னைக் கேட்டால், முதலில் இந்தக் கோயிலுக்குப் போய் வாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் விட்டுவிட்டு இதனைச் சொல்வானேன் என்று அவர்கள் வியப்பார்கள். காரணம் இதுதான்: இங்கே நான் ஒரு முறை நன்றாகத் தோற்றேன்.

அப்பொழுது நான் வரலாறு பயிலும் மாணவன். சிற்பமும் கட்டடக் கலையும் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தன. கூடு, போதிகை, பஞ்சரம் என்னும் சொற்களை நெட்டுருச் செய்திருந்தோம். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தலை போல் இருக்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் இருக்கும். பல்லவர் போதிகை அலையலையாகச் சுருண்டு, நடுவே ஒரு பட்டை ஓடும். சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பெற்று, நடுப்பகுதி சற்றே முன்தள்ளி நிற்கும். விசயநகரக் காலத்தில் அதுவே மலர் மொட்டாகத் தொங்கும். இவற்றை அறிந்தவனுக்கு எந்தக் கோயிலும் தன் வயதை ஒளிக்க முடியாது என்று இறுமாந்திருந்தேன்.

எங்கள் ஆசிரியர் ஒரு நாள் எங்களை ரயிலேற்றித் திருத்தணிக்கு அழைத்து வந்தார். இந்தச் சிறு கோயிலின் முன் நிறுத்தி, "ஒரு மணி நேரம் தருகிறேன். இதன் காலத்தை எழுதுங்கள்" என்றார். நான் சுற்றி வந்தேன். தென்புறச் சுவர் மாடத்தில் தட்சிணாமூர்த்தி, பின்புறம் திருமால், வடபுறம் நான்முகன். முன்மண்டபத்தின் ஒருபுறம் விநாயகர், மறுபுறம் கொற்றவை. ஒவ்வொரு மாடத்துக்கும் ஒரே தெய்வம். இடையில் வெறுஞ் சுவர். புள்ளமங்கையிலும் குடந்தை நாகேசுவரன் கோயிலிலும் காண்கின்ற முறைக்கு இது நெருங்கியது அன்றோ? கால் மணி நேரத்தில், 'முற்காலச் சோழர்' என்று எழுதிவிட்டு மர நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆசிரியர் என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். "ஏன் அப்பா, சிலையைப் பார்த்தாய்; சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து சென்று பார்த்தேன். சுவரில் எழுத்துகள் இருந்தன. அவர் படித்துப் பொருள் சொன்னார். அவை சோழர் எழுதியவை அல்ல. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மரபின் கடைசிப் பேரரசனாகிய அபராசிதவர்மன் காலத்தவை.

அபராசிதனை நீங்கள் பாடநூல்களில் ஒரு வரியில் கடந்திருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்டவன். திருப்புறம்பியப் போரில் பாண்டியன் வரகுணனை எதிர்த்து நின்றான். அன்று அவனுக்குத் துணை நின்றவர்களுள் ஒருவன் சோழன் ஆதித்தன். சில ஆண்டுகளில் அந்தத் துணைவனே பகைவன் ஆனான். ஆதித்தன் அபராசிதனை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டதை இராசேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. யானைமேல் இருந்த பல்லவனை ஆதித்தன் பாய்ந்து கொன்றான் என்று கன்னியாகுமரிக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்கிறது. திருவாலங்காடு இங்கிருந்து நெடுந்தொலைவு அன்று. ஆகவே, அரசன் ஒருவன் கட்டுவித்த காலத்துக் கோயில் ஓர் ஊரிலும், அவன் வீழ்ந்த செய்தி பக்கத்து ஊரின் செப்பேட்டிலும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

கோயிலை எடுத்தவன் அரசன் அல்லன். நம்பி அப்பி என்பவன். செஞ்சடையுடைய இறைவனுக்குத் திருத்தணியில் அவன் கருங்கல்லால் கற்றளி எடுத்ததை ஒரு வெண்பா பாராட்டுகிறது. அந்த வெண்பாவை அரசன் தானே பாடியருளினான் என்று கல்வெட்டு குறிக்கிறது. தமிழ் மன்னர் பாடிய பாட்டுகள் ஏடுகளில் பல உண்டு. பாடிய மன்னனின் காலத்திலேயே கல்லில் ஏறி, இன்றும் வெட்டிய இடத்திலேயே நிற்பவை மிகச் சில. அப்பாட்டில் நம்பி அப்பிக்கு அரசன் கொடுக்கும் அடைமொழி என்னை அன்றே பிடித்துக்கொண்டது. வீரன் என்றோ செல்வன் என்றோ சொல்லவில்லை. நல்ல கலைகளையெல்லாம் பயின்ற சீருடையவன் என்கிறான். அன்று தோற்றுப்போன மாணவனாகிய நான் அதைக் கேட்டுத் தலை குனிந்தேன்.

ஆனால் என் பிழை முழுவதும் பிழையா என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பல்லவர் சிற்பத்தை ஒரு முறை அடியிலிருந்து பாருங்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் செய்ததாகப் பெருமையோடு எழுதி வைத்தான். பின்னர் மாமல்லபுரத்தில் பாறையே தேராயிற்று. அதன்பின் இராசசிம்மன் காலத்தில் காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் எழுந்தது. அங்கே சுவரில் ஓரடி இடமும் வெறுமையாக இல்லை. சிங்கமும் தேவரும் கதைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் திருத்தணிக்கு வந்தால் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. சுவர் அமைதியாக இருக்கிறது. மாடத்தில் ஒரு தெய்வம் தனித்து நிற்கிறது. இந்த அமைதியைத்தான் சோழர் சிற்பிகள் எடுத்து வளர்த்தார்கள். பல்லவர் கலையை வகுத்த அறிஞர்கள் இந்தக் கடைசிப் படிக்கு அபராசிதன் பாணி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

போர்க்களத்தில் ஒரு மரபு ஒரே நாளில் முடியும். சிற்பியின் கை அப்படி முடிவதில்லை. அபராசிதனுக்கு உளி பிடித்தவன் மறு ஆண்டு ஆதித்தனுக்கு உளி பிடித்திருப்பான். அவனுக்கு வீடும் பட்டறையும் அதே தொண்டை நாட்டில்தான். நான் சோழர் என்று எழுதியது, கோயிலைப் பார்த்துச் சொன்னதாக இருந்திருந்தால் மன்னிக்கத்தக்கது. நெட்டுருச் செய்த சட்டத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் அது பிழை.

இந்தக் கோயிலின் கருவறையைப் பின்புறம் சென்று பார்ப்பவர்கள் ஒரு புதுமையைக் காண்பார்கள். சுவர் நேராக முடியாமல் அரைவட்டமாக வளைந்திருக்கும். படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற இந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்பது நம்முடைய பழம்பெயர். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்துக்கு இந்த வடிவந்தான். அதன் பக்கத்திலேயே ஒற்றைக் கல் யானையைச் செதுக்கி நிறுத்தி, பார்ப்பவன் ஒப்பிட்டுக்கொள்ளட்டும் என்று சிற்பி விட்டுவிட்டான். அந்த நகைச்சுவை எனக்கு மிகவும் பிடிக்கும். கருங்கல்லில் வளைந்த சுவர் எழுப்புவது எளிய வேலை அன்று. ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வட்டத்தின் ஒரு துண்டாக இழைக்க வேண்டும். ஒரு கல் பிசகினால் மேல்வரிசை முழுவதும் பிசகும்.

இவ்வடிவத்தின் உறவினரைத் தேடிச் சென்றால் மாநில எல்லையைக் கடக்க வேண்டியிருக்கிறது. ரேணிகுண்டாவுக்கு அருகே குடிமல்லம் என்னும் ஊரில் பரசுராமேசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள இலிங்கம், சிவனுருவம் முன்பக்கத்தில் செதுக்கப்பெற்றது. இந்தியாவில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலிங்கங்களுள் ஒன்று. அக்கோயிலின் விமானமும் தூங்கானை மாடமே. திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அந்தப் போராட்டத்தின் நியாயம் வேறு; சிற்பத்தின் வழக்கு வேறு. குடிமல்லத்தைப் பாராமல் திருத்தணியைப் படிப்பவன், அண்ணனைப் பாராமல் தம்பியைப் படிப்பவன் ஆவான்.

அன்று பிற்பகல் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆசிரியரும் பிறரும் மலைக்குச் சென்றுவிட்டனர். தோற்ற வருத்தத்தில் நான் கீழேயே இருந்தேன். தெருவோரத்தில் முதிய கல் தச்சர் ஒருவர் படிக்கல் ஒன்றைச் சமன் செய்துகொண்டிருந்தார். அவரருகே சென்று உட்கார்ந்தேன். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்:

"கண்ணால் பார்த்தீர்கள், சரி. கையால் பார்த்தது உண்டா, தம்பி?"

"சிலையைத் தொடக் கூடாதே, ஐயா."

"சிலையைத் தொட வேண்டா. கல்லைத் தொடலாம் அல்லவா?"

உடைந்த கருங்கல் துண்டு ஒன்றை என் முன் தள்ளி, உளியையும் சுத்தியலையும் தந்தார். முதலில் கல்லைத் தட்டச் சொன்னார். வெண்கல மணி போல் ஒலிப்பது ஆண்கல் என்றும், மென்மையாக ஒலிப்பது பெண்கல் என்றும், ஒலி செத்திருப்பது சிலைக்கு ஆகாது என்றும் சொன்னார். உட்பிளவு உள்ள கல் ஒலிக்காது என்பது பௌதிகம் படித்த உங்களுக்கும் விளங்கும். பிறகு காவிக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு வரையில் மேட்டை எடுக்கச் சொன்னார். மாலை வரை அடித்தேன். உள்ளங்கை அகலம் கூடச் சமன்படவில்லை. உளி இரு முறை வழுக்கிற்று. ஒவ்வோர் அரை மணிக்கும் அவர் உளியை வாங்கி நுனியைக் கூராக்கித் தந்தார்.

காஞ்சியில் சுவர் நிறையச் சிற்பம் இருப்பதும் திருத்தணியில் ஐந்தாறு மட்டுமே இருப்பதும் ஏன் என்பதில் ஒரு பங்கு அன்று என் கைக்கு விளங்கிற்று. கயிலாசநாதர் கோயிலின் சுவர்களுக்கு மிகுதியும் பயன்பட்டது மணற்கல். உளிக்கு விரைவில் இணங்கும். ஆயின் காற்றுக்கும் மழைக்கும் அவ்வாறே இணங்கி உதிர்ந்துவிடும். கருநாடகத்துப் பேலூரில் 1117ஆம் ஆண்டில் எழுந்த கோயிலில் பெண்ணுருவங்களின் கழுத்தணியில் நூல் நுழையும் துளைகள் கூட உண்டு, அது மாக்கல், வெட்டி எடுக்கும்போது மிக மென்மையானது. கருங்கல் இவ்வகைச் சலுகை எதுவும் தராது. ஆகவே அதில் வேலை செய்பவன் எது வேண்டும், எது வேண்டா என்பதை முன்னமே முடிவு செய்துகொள்கிறான். தட்சிணாமூர்த்தியின் மடித்த காலிலும் தோளிலும் தெரியும் அந்தச் சுருக்கம் பக்தியின் அமைதி என்று நூல்களில் படித்திருந்தேன். அது உண்மையே. அதில் உளியின் சிக்கனமும் கலந்திருக்கிறது என்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

நம் நாட்டில் சிற்பக் கல்வி இரண்டு வீடுகளில் தனித்தனியே வளர்ந்தது. டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று எழும்பூருக்கு அருகே இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்தது. அங்கே 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமை ஏற்றார். கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். மற்றொரு பக்கத்தில் அறிஞர்கள் நூல் எழுதினார்கள். 1914ஆம் ஆண்டு இவ்வகையில் நற்பேறு பெற்ற ஆண்டு. கோபிநாத ராயர் இந்து விக்கிரகவியல் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை அவ்வாண்டில் வெளியிட்டார்; புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ராய் தென்னிந்தியத் தொல்பொருளைப் பற்றிய பிரெஞ்சு நூலை அதே ஆண்டில் வெளியிட்டார். கூட்டையும் போதிகையையும் கொண்டு காலம் கணிக்கும் முறையை வகுத்தவர் அவரே. உயிரோடிருந்த சிற்பிகளிடம் சென்று, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே அவர் அம்முறையை வகுத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் நெட்டுருச் செய்த சொற்கள் பட்டறையிலிருந்து வந்தவை.

மூன்றாவது வீடு ஒன்றும் உண்டு. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவியது. வைத்தியநாத ஸ்தபதியும் அவருக்குப்பின் 1961 முதல் அவர் மகனார் கணபதி ஸ்தபதியும் அதனை நடத்தினர். குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு தொடக்க நாளில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதி வகுத்தது. அங்கே மாணவர்கள் தாள அளவுகளைக் கற்கிறார்கள். உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் உயரம் 124 கூறு, மத்திமம் 120, அதமம் 116. முகம் எத்தனை கூறு, கழுத்து எத்தனை கூறு என்று நூலிட்டுக் குறித்தபின்பே உளி விழும். தந்தை மகனுக்குக் கொல்லைப்புறத்தில் சொல்லிவந்த கணக்கு இன்று பட்டப்படிப்பாக இருக்கிறது. இப்படிப்பில் சேர்ந்தவர்கள் கல்வெட்டையும் படிக்கக் கற்க வேண்டும்; கல்வெட்டுப் படிப்பவர்கள் ஒரு திங்களாவது கல்லடிக்க வேண்டும் என்பது என் கருத்து. என் உடன் பணியாற்றியோர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு.

கையும் நூலும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் திருவாலங்காடே சான்று. அவ்வூரில் கிடைத்துச் சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையில் இருக்கும் நடராசர் செப்புத் திருமேனியின் ஒளிப்படங்கள் பாரிசுக்குச் சென்றன. அங்கே ரோதென் என்னும் சிற்பி அவற்றைப் பார்த்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, ஆகமமும் தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் களிமண்ணிலும் வெண்கலத்திலும் மனித உடலைச் செய்தவர். நிழல் எங்கே விழுகிறது, உடல் எங்கே திரும்புகிறது என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்து எழுதினார். அவர் 1917இல் மறைந்தார். அக்கட்டுரை 1921இல் பாரிசில் அச்சாயிற்று. திருமேனியின் தத்துவப் பொருளை ஆனந்த குமாரசாமி முதலியோர் சொன்னார்கள். அதன் தோளையும் இடையையும் பற்றிச் சொல்ல ஒரு சிற்பி வேண்டியிருந்தது.

இவ்வளவும் பேசுவதற்கு ஓர் அவசரமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊருக்குச் சென்றிருந்தேன்; ஊர்ப்பெயர் வேண்டா. பழைய கோயிலைத் தூய்மை செய்கிறோம் என்று விசையோடு மணலை வீசிச் சுவரைக் கழுவியிருந்தார்கள். சுவர் பளிச்சென்று இருந்தது. முன்பு நான் படித்து எழுதிக்கொண்ட கல்வெட்டில் பாதி வரிகள் இப்போது தடவினாலும் தெரியவில்லை. மாடத்துச் சிலையின் இமை மழுங்கியிருந்தது. கல்வெட்டு எழுத்தின் ஆழம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பல இடங்களில் ஒரு நெல்மணியின் பருமன் கூட இராது. ஓர் அரசனின் பாட்டும், ஒரு கோயிலின் காலமும், ஒரு நம்பி அப்பியின் பெயரும் அந்த நெல்மணி ஆழத்தில் தங்கியிருக்கின்றன. திருத்தணிச் சுவரில் அந்த வெண்பா இல்லாமற் போயிருந்தால், என் குறிப்பேட்டில் இருந்த 'முற்காலச் சோழர்' என்ற பிழையைத் திருத்த ஆள் இருந்திரார்.

சுவரில் ஒரு குறையும் எனக்குப் படுகிறது. பாடிய அரசன் பெயர் உண்டு; எடுத்தவன் பெயர் உண்டு; தட்சிணாமூர்த்தியைச் செதுக்கியவன் பெயர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலாவது குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரைக் கல்வெட்டில் காண்கிறோம். இங்கே அதுவும் இல்லை.

1977இல் திருத்தணிக்கு அருகே வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராசிதனுடையது, மற்றொன்று ஆதித்தனின் மகன் பராந்தகனுடையது. வென்றவன் மகனும் தோற்றவனும் ஒரே இடத்தில் மண்ணுக்கடியில் ஆயிரம் ஆண்டு இருந்திருக்கிறார்கள். திருத்தணிகை முருகனுக்கு நிலம் அளித்ததைப் பல்லவன் ஏடு சொல்கிறது. மலைக்கோயிலும் அடிவாரத்துக் கோயிலும் அவன் காலத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

நீங்கள் போவதானால் சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு ரயில் உண்டு. காலையில் செல்லுங்கள், வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும். ஒரு குறிப்பேடு கொண்டு போங்கள். சுற்றி முடிக்கும் வரை அதில் காலத்தை எழுதாதீர்கள். அந்தத் தச்சர் தந்த கல் துண்டு இன்றும் என் மேசையில் காகிதங்களின்மேல் கிடக்கிறது. காவிக் கோடு அழிந்துவிட்டது. உளி வழுக்கிய இரண்டு தடங்களும் அப்படியே இருக்கின்றன.